நாக்கு படும் பக்கம்

வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியை டாக்டர் ஜானகிராமன் ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்து, திரும்பி வந்ததும் மறக்காமல் இருபது நிமிஷம் கொதிக்க வைத்துவிடு என்றார். அம்பத்தூரில் அவருடைய கிளினிக்கின் பின்னறையில் எனக்கு வேலை. அவர் அளவெடுத்துத் தரும் பற்களுக்கு மெழுகில் உருச்செய்து, அதை உலோகத்தில் வார்த்து, வெளியே தெரியும் முன்பக்கத்தில் மட்டும் பல் நிறத்தில் பூசி கேப் செய்து கொடுப்பேன். மாலை ஐந்தரைக்கு ரயிலேறி நகரத்துக்குப் போய் மாலைக் கல்லூரியில் பி.காம் படித்துக்கொண்டிருந்தேன். இது நடந்தது எண்பத்தெட்டில், இரண்டாம் வருஷப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால்.

அன்று காலை ரயில்வே போலீஸ் ஏட்டு ஒருவர் வந்திருந்தார். வேப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டித் தண்டவாளத்தில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தார், முகம் தெரியவில்லை, மேல்வரிசைப் பல் மட்டும் அப்படியே இருக்கிறது, அதில் முன்பல் இரண்டும் கேப் என்றார். ஆவடி குவார்ட்டர்ஸில் கஜபதி என்ற தொழிலாளியை ஆறு நாளாகக் காணவில்லை. அவருக்கு இங்கேதான் கேப் போட்டது என்று மனைவி சொல்லியிருக்கிறாள். யாராவது வந்து பார்த்துச் சொன்னால் தேவலை. டாக்டர் என்னைக் காட்டினார். "நீதானப்பா செஞ்ச. நான் வந்து என்னத்தப் பாக்கப்போறேன்" என்றவர், நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தவரிடம், "பாத்தீங்களா, செத்தப்புறமும் நம்மகிட்ட கேரண்டி கேக்கறாங்க" என்றார். வாயை மூட முடியாத அந்த மனிதர் மூக்கால் சிரித்தார்.

எனக்குக் கஜபதியை நன்றாக நினைவிருந்தது. ஃபேக்டரியில் ஸ்பேனர் நழுவி முன்பல் இரண்டும் பாதியாக உடைந்தவர். நாலு வருஷம் அப்படியே விட்டுவிட்டு, எட்டு மாதத்துக்கு முன்னால்தான் எங்களிடம் வந்தார். பேசும்போதெல்லாம் கை வாய்க்கு வந்துவிடும். ஆனால் நான் அவரை நினைவில் வைத்திருந்தது அதற்காக அல்ல. இடது பல்லின் கேப்பை, நாக்கு படும் பக்கத்தில், நான் அதிகமாகத் தேய்த்துவிட்டேன். உலோகம் மெலிந்து கடுகில் பாதி அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்தது. திரும்ப வார்த்திருக்க வேண்டும். அந்த வாரம் ஏற்கெனவே இரண்டு வார்ப்பைக் கெடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அதனால் பல் நிறத்துப் பொடியைக் குழைத்து ஓட்டையை அடைத்து, மேலே மெருகேற்றிவிட்டேன். வெள்ளி போன்ற உலோகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முன்பக்கத்தை மட்டும் பார்த்து, "பரவால்லியே" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. கேப்பை ஒட்டியதும் கஜபதி கைக்கண்ணாடியை விடவே இல்லை. அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று டாக்டர் சொல்லித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அன்றன்றைக்கு நடந்ததை நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். டாக்டர் பாராட்டியதை எழுதினேன். புள்ளியை எழுதவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கஜபதியின் அண்ணன் பரந்தாமன் என் தோளைப் பிடித்துத் தூணுக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போனார். இஸ்திரி போட்ட சட்டை, சவரம் செய்த முகம். உள்ளே கிடப்பவருக்கு இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருக்கிறது, தன் தம்பிக்கும் அப்படித்தான் என்றார். "அண்ணனுக்குத் தெரியாதா தம்பி? அவன் பொண்டாட்டி ஒத்துக்கமாட்டேன்றா. நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. காரியத்த முடிச்சிட்டு, அவளுக்கு ஃபேக்டரில வேலைக்கு எழுதிப் போடணும்." உடம்பு உள்ளே கிடக்கும்போதே வேலையைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்கு அவர்மேல் வெறுப்பு வந்தது. அவ்வளவு பேரில் அவளுக்காக யோசித்தவர் அவர் ஒருவர்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கஜபதியின் மனைவி புஷ்பா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அவள் ஏற்கெனவே உள்ளே போய்ப் பார்த்து, இது அவர் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். எவளையோ சேர்த்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று குவார்ட்டர்ஸில் பேச ஆரம்பித்துவிட்டார்களாம். அதை அவளே, கேட்காமலேயே என்னிடம் சொன்னாள். பிறகு எழுந்து பக்கத்தில் வந்தாள். "ஓடிப் போயிருந்தாலும் பரவால்ல சார். எவகூடன்னாலும் இருக்கட்டும். உசிரோட கீறாருன்னு தெரிஞ்சா போதும் எனக்கு."

உள்ளே பினாயில் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. நெற்றியிலிருந்து மூக்குவரை துணியால் மூடி, வாயை மட்டும் விட்டிருந்தார்கள். "இன்னா நைனா, எட்டவே நிக்கிற? அவன் கடிக்கமாட்டான்" என்றார் ஏட்டு. ஆஸ்பத்திரி ஊழியர் உதட்டைத் தூக்கிப் பிடித்தார். முதலில் வலது பல்லைப் பார்த்தேன். பின்பக்கம் சுத்தமாக இருந்தது. கண்ணாடியை இடது பல்லுக்கு நகர்த்தினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தேன். மூன்றாவது தரம் டார்ச் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் புள்ளி, நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

ஏட்டு காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு முறைகளைச் சொன்னார். ஆமாம் என்றால் வாக்குமூலம் எழுத வேண்டும். டாக்டரும் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். "என்துதான்னு சும்மா சொன்னா ஆவாது. இன்னா அடையாளம்னு எழுதணும்." ஓட்டை, அடைப்பு, வெள்ளைப் புள்ளி என்ற வார்த்தைகளை அவருடைய கையெழுத்தில் நான் பார்த்தேன். டாக்டர் அதைப் படிப்பதைப் பார்த்தேன். வெளியே பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருப்பவளையும் பார்த்தேன். இதில் எது எவ்வளவு என்று அதற்குப் பிறகு பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். பாதி பயம், பாதி இரக்கம் என்று ஒரு நாள் தோன்றும். இரக்கம் அங்கே இல்லவே இல்லை, பயத்துக்குத் துணையாக நான் பின்னால் கொண்டுவந்து வைத்தது என்று இன்னொரு நாள் தோன்றும்.

"நம்ம வேலை இல்ல சார்" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

வெளியே வந்து ஏட்டு அதைச் சொன்னபோது பரந்தாமன் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். இன்னொரு தரம் பார்க்க முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டார். மூன்று தரம் பார்த்தாயிற்று என்றேன். புஷ்பா அழவில்லை. நேராகத் தெருவைத் தாண்டி எதிரே இருந்த டீக்கடைக்குப் போனாள். இரண்டு பன் கேட்டு வாங்கி, நின்றபடியே டீயில் நனைத்துச் சாப்பிட்டாள். ஆறு நாளாக ஒன்றும் சாப்பிடாதவள் என்பது அவள் விழுங்கிய வேகத்தில் தெரிந்தது. கன்னம் உப்பியிருக்கச் சிரித்தாள். "பாத்தீங்களா மாமா, ஊரு பேரு தெரியாதவனுக்குக் கொள்ளி வெக்கக் கெளம்பிட்டீங்களே." பரந்தாமன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். அவள் இன்னொரு பன் கேட்டாள்.

இரண்டு நாள் வைத்திருந்து, யாரும் உரிமை கோராததால் அந்த உடம்பைப் புதைத்துவிட்டார்கள். கண்ணாடியை நான் கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம் கொதிக்கவைத்தேன். நம்முடையதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றதும், நல்லதாப் போச்சு, கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் என்றார். அன்றைய பக்கத்தில் "காய்ச்சல், வகுப்புக்குப் போகவில்லை" என்று எழுதினேன். காய்ச்சல் இல்லை.

ஐந்து மாதம் கழித்துப் பரந்தாமன் கிளினிக்குக்கு வந்தார். டாக்டர் வராத நேரமாகப் பார்த்து வந்திருந்தார். இந்த முறை சட்டை கசங்கியிருந்தது. காணாமல் போனவரை இறந்தவராக எடுத்துக்கொள்ள ஏழு வருஷம் ஆக வேண்டும் என்று ஃபேக்டரியில் சொல்லிவிட்டார்களாம். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வைத்து, புஷ்பா இப்போது திருநின்றவூரில் ஒற்றை அறையில் இருக்கிறாள், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போகிறாள். தன் வீட்டில் அவளுக்குத் தெரியாமல் தம்பிக்குக் காரியம் செய்துவிட்டதாகச் சொன்னார். "நான் உன்னத் திட்ட வரல தம்பி. அந்தக் காலு என் மடியில வளந்த காலு. நெசமாவே நல்லாப் பாத்தியா?"

நன்றாகப் பார்த்தேன் என்றேன். அதில் பொய் இல்லை. அவர் கொஞ்ச நேரம் என் மேஜைமேல் இருந்த பிளாஸ்டர் அச்சுத் தாடைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம், கடைசிப் பரீட்சைக்குக் குறிப்பு வாங்க, கூடப் படித்த ஒருவரைத் தேடித் திருநின்றவூருக்குப் போனேன். வேலை முடிந்து திரும்பும் கூட்டம். வண்டியிலிருந்து இறங்கியதும் புஷ்பா என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். இளைத்திருந்தாள். நெற்றியில் பெரிதாகக் குங்குமம், தலையில் நாலு முழம் பூ. பக்கத்தில் கூடை வைத்திருந்த பெண்ணிடம், "இவருதான்க்கா, அது எங்கூட்டுக்காரரு இல்லன்னு பாத்துச் சொன்னவரு" என்றாள். அந்தப் பெண் என்னைக் கும்பிட்டாள். வேலை விட்டு வந்தபின் வீட்டுக்குப் போகாமல் இரண்டு மூன்று வண்டி பார்த்துவிட்டுத்தான் போவாளாம். வந்தால் இந்த லைனில்தானே வரவேண்டும் என்றாள்.

எனக்குள் நாலு வாக்கியம் தயாராக இருந்தது. மாதக்கணக்காக அடுக்கி, திருத்தி, வரிசையை மாற்றி வைத்திருந்தேன். முதல் வாக்கியத்துக்கு வாயைத் திறக்கும்போது அவள் கேட்டாள்.

"சார், அந்தக் கேப்பு எத்தினி வருசம் தாங்கும்?"

எதற்குக் கேட்கிறாய் என்றேன்.

"மூஞ்சி மாறிடும்ல. தாடி வளத்திருப்பாரு, முடி கொட்டியிருக்கும். பல்லு நீங்க வெச்சது, அது மாறாதில்ல?"

"பத்து வருஷம் தாங்கும்" என்றேன். அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். "கவனமா வச்சிக்கிட்டா பன்னெண்டு."

போதும் சார் என்றாள்.

மெட்ராஸிலிருந்து அடுத்த வண்டி வந்து நின்றது. டிபன் கேரியரும் பையுமாக ஆண்கள் இறங்கி, எங்கள் இரண்டு பக்கமும் பிரிந்து போனார்கள். புஷ்பா யாருடைய கண்ணையும் பார்க்கவில்லை. அவளுடைய பார்வை ஒவ்வொருவரின் மூக்குக்குக் கீழே நின்று, அடுத்தவருக்கு நகர்ந்தது. வாயை மூடிக்கொண்டு போனவர்களை அவள் இரண்டு மூன்று அடி பின்தொடர்ந்துவிட்டுத் திரும்பினாள். கடைசிப் பெட்டியிலிருந்து தாடி வைத்த ஒருவர் இறங்கினார், தூணோரம் நின்று பையைக் கைமாற்றிக்கொண்டு, பெரிதாகக் கொட்டாவி விட்டார். அவள் அவசரமாக அவர் முன்னால் போய் நின்று, தலையைச் சாய்த்து, அந்த வாய்க்குள் பார்த்தாள்.