அக்கா அடித்த இரண்டு சொற்கள்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. பல் மருத்துவரின் வரவேற்பறையில், வீங்கிய கன்னத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் சொன்னது. நாளிதழில் பிழை திருத்துபவர். அந்த வலியிலும் வாய் ஓயவில்லை.

'நகரத்தின் மீது அச்சத்தின் கரிய நிழல் படர்ந்திருந்த அந்த' என்று தொடங்கினேன். அந்த அம்மா பார்த்தால் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். வேண்டாம்.

2

அவளை அக்கா என்றே வைத்துக்கொள்வோம். தங்கை அதே நாளிதழில் நிருபர். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே குடை, ஓயாத சண்டை.

அரசு மருத்துவமனைக்குக் காலாவதியான மருந்து வந்த கதையைத் தங்கை துருவித் துருவி எழுதியிருந்தாள். மருந்தை அனுப்பிய ஒப்பந்ததாரர் அமைச்சரின் மைத்துனர். எப்படித்தான் தெரிந்ததோ, செய்தி அக்காவின் மேசைக்கு வந்த அரை மணியில் போன் அடித்தது.

"உங்க தங்கச்சி எந்த வழியா வீட்டுக்கு வருவாங்கன்னு தெரியும்மா. பாத்து வரச் சொல்லுங்க."

குரலில் அப்படியொரு மரியாதை. அக்கா போனை வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'அமைச்சரின் மைத்துனர்' என்பதை அடித்துவிட்டு 'ஒப்பந்ததாரர்' என்று எழுதினாள். சரியாக இருந்த ஒன்றை அவள் முதன்முதலாகத் திருத்தியது அன்றுதான்.

(என் முதல் வரைவில் அவர் இதைவிடப் பெரிய ஒருவரின் மைத்துனர். அமைச்சராகக் குறைத்தது நான்தான். எனக்கு யாரும் போன்கூடப் பண்ணவில்லை.)

3

காலையில் தங்கை பேப்பரை விரித்தாள். இங்கே அவளைக் கத்தவிட்டு இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். உண்மையில் அவள் கத்தவில்லை.

"நீதானே?"

"ஆமாடி. திட்டிக்கோ."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு திட்டுறது? நானே மூணு வரிய எடுத்துட்டுதான் குடுத்தேன்."

"என்ன வரி?"

"அந்த மருந்தால செத்துப்போனவங்க மூணு பேரு. ஆளுக்கு ஒரு வரி. அது வந்தா உன்னக் கூப்பிட்டு மிரட்டுவாங்கன்னு பயந்துட்டேன்க்கா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் அழுகையாகிவிட்டது. ஒருத்திக்காக ஒருத்தி பயந்ததில், செத்த மூவரும் செய்தியிலேயே இல்லை.

தங்கை அங்கேயே உட்கார்ந்து முழுவதையும் திரும்ப எழுதினாள். மூன்று பெயர்கள், மைத்துனர், எல்லாம். அக்கா கையை நீட்டினாள்.

"குடு. எழுத்துப்பிழை மட்டும்தான் பாப்பேன்."

4

ஆசிரியரின் அறைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் வீட்டுல ஒரு பொண்ணு இருக்காம்மா," என்றார்.

இதற்குமேல் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மூன்றுமே எனக்கு வசதியானவை; அடித்துவிட்டேன்.

நீங்கள் கொஞ்சம் ஆசிரியரின் நாற்காலியில் உட்காருங்கள். தாள் உங்கள் கையில் இருக்கிறது. எதிரே அக்காவும் தங்கையும் நிற்கிறார்கள். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்கள்.