ரெண்டு கதவும் ரெண்டு சகலையும்

பழைய இரும்புக் கடையிலிருந்து, சாமான் வைக்க, பட்டறைக்கு ஒரு பீரோ வந்து இறங்கியது. லாரியில் உருண்டதோ, யாராவது எட்டி உதைத்தார்களோ, கதவுக்கு ஒன்றாகச் சோற்றுத்தட்டு அளவில் ஒடுக்கு.

"ஆளுக்கு ஒரு கதவு," என்றார் மேஸ்திரி. "எது நல்லா நிமிருதோ, அந்தக் கைக்கு பீரோ சாவி. அப்புறம் ஒரு ஸ்பேனர் வேணும்னாலும் நானே அவர்கிட்டதான் கேட்டு நிக்கணும்."

பட்டறையில் சகலைகள் இருவர். மூத்தவருக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம். மச்சினிச்சியைக் கட்டிய இளையவர் வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள், "என் தங்கச்சி வீட்டுக்காரர் கை பட்டா தகரமும் சொன்ன பேச்சு கேக்குமாம்" என்று மூத்தவரின் மனைவியே ஒருநாள் சொல்லிவிட்டாள். சொன்னவள் மறந்துவிட்டாள். கேட்டவருக்குச் சோறு இறங்கவில்லை.

இளையவர் தன் கதவைக் கழற்றிப் போட்டு, ஒடுக்கைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு இழுத்தார். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி மரச்சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டே போனார்.

"என்ன சகல, கதவைத் தூங்க வைக்கிறியா?" என்றார் மூத்தவர்.

"ஓங்கி அடிச்சா கோவிச்சுக்கும்ணே."

பக்கத்தில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த கடைசல்காரர் சிரித்துவிட்டார். மூத்தவர் இருப்பதிலேயே பெரிய சுத்தியலாகப் பார்த்து எடுத்தார்.

அவருக்குத் தெரியாத வேலையா? நடுவில் ஓங்கி அடித்தால் தகடு விரியும் என்று பத்துப் பேருக்குச் சொன்ன வாய். ஆனால் கண் தன் கதவில் இல்லையே! பக்கத்துக் கதவு பாதி நிமிர்ந்ததைப் பார்த்துக்கொண்டே நட்டநடுவில் நாலு போடு போட்டார். தகடு விரிந்தே போனது. இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் 'டப்', அந்தப் பக்கம் அமுக்கினால் இந்தப் பக்கம் 'டப்'.

சூடு காட்டி ஈரத்துணி வைத்தால் சுருங்கும். அதற்கு காஸைப் பற்ற வைக்க வேண்டும். வைத்தால் எதற்கென்று ஊருக்கே தெரிந்துவிடும். மூத்தவர் பள்ளத்தை அடைத்து மூடுகிற பட்டி டப்பாவைத் திறந்தார். கனமாக அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்தார்.

மறுநாள் மேஸ்திரி உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். இளையவரின் கதவில் ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டது. மூத்தவருடையது கண்ணாடி.

"பழைய கை பழைய கைதான்யா!" சாவி கைமாறியது.

சந்தோஷம் சொல்லக் கிட்டே வந்த இளையவர், அந்தக் கதவில் விரல் கணுவால் ஒரு தட்டு தட்டினார். மொத்தென்றது. வெறும் தகடு அப்படிப் பேசாது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, உங்க கதவை யாரும் அறைஞ்சு சாத்தாம பாத்துக்குங்க."

அவ்வளவுதான். மேஸ்திரியிடம் போட்டுக் கொடுத்திருந்தாலாவது சண்டை போட்டு ஆறியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டான் பாவி.

இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் மூத்தவரே எழுந்து ஓடுகிறார். "தொடாதே, நான் எடுத்துத் தரேன்!" தன் கதவை இரண்டு கையாலும், தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோலச் சாத்துகிறார்.

"சாவி வந்ததும் மனுசனுக்குக் கெத்து வந்திருச்சு" என்கிறார் கடைசல்காரர்.

இளையவரோ கை நிறையச் சாமானோடு, போகிற போக்கில் தன் பக்கக் கதவைக் குதிகாலால் ஒரு உதை விடுகிறார். அது படாரென்று சாத்திக்கொள்கிறது. ஒரு பொடி உதிர்வதில்லை. இடுப்பில் சாவி தொங்க, மூத்தவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.