பத்து வரை எண்ணும் முறை

பொன்னுரங்கம் "ஒண்ணு" என்று சொன்னபோது தேவானை சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. "ரெண்டு" என்பதற்குள் கஞ்சிச் சட்டியைத் தரையில் வைத்துக் காலால் மூலைக்குத் தள்ளினாள். போன மாதம் அதைச் செய்ய மறந்ததில் இடது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்துபோயிருந்தது. "மூணு" என்றதும் மகள் கயலின் இடுப்பில் குடத்தைத் திணித்து வெளியே அனுப்பினாள். மூன்றாவது மாடியிலிருந்து குழாயடிக்குப் போய்வரப் பெண்ணுக்குக் கால் மணி நேரம் ஆகும். அது போதும். நாலில் காதுத் தோட்டைக் கழற்றி அரிசி டப்பாவில் போட்டாள். ஐந்தில் அரிவாள்மணையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஆறில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஏழில் நாக்கைப் பல்லுக்கு உள்ளே இழுத்துக்கொண்டாள். நேரத்தைத் திட்டமிட்டுச் செலவிடுவது எப்படி என்று நான்காவது வாரம் நடத்திய பாடத்தை இவ்வளவு கச்சிதமாகப் பயன்படுத்திய மாணவி அவள் புதன்கிழமை தோறும் போன பயிற்சி மையத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

"எட்டு" என்று சொல்லிக்கொண்டே அறைந்தான்.

பத்து வரைக்கும் அவன் போவதில்லை. முதல் இரண்டு வாரம் போனான். அப்புறம் பொறுமை போய்விட்டது. தியாகராய நகர் ஜவுளிக் கடைகளுக்கு லாரியிலிருந்து மூட்டை இறக்கும் கை அது. தேவானையின் தலை சுவிட்ச் போர்டில் மோதியது. ஃபேன் நின்றுபோனது, அதற்கும் ஒரு அறை. கீழே சரிந்தவளை விலாவில் உதைத்தான். கையில் அகப்பட்ட சோற்றுக் கரண்டியால் முதுகில் நாலு போட்டான், காம்பு வளைந்ததும் அதைப் பார்த்து அலுத்துக்கொண்டு தூக்கி எறிந்தான். அவன் கூப்பிட்டதற்கு அவள் "ம்" என்று சொன்னதுதான் குற்றம். நேற்று "இன்னா" என்று கேட்டதற்கு அடித்தான். நடுவில் வேறு ஏதோ ஒரு சொல் இருக்க வேண்டும், பதினேழு வருடமாக அவளுக்கு அது அகப்படவில்லை.

பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். சோறு குழைந்துவிட்டது என்று மட்டும் சொன்னான். அவள் சுவிட்ச் போர்டில் ஒட்டியிருந்த ரத்தத்தைக் கரித்துணியால் துடைத்தாள்.

எண்ணுவதற்கு அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அரசாங்கம்.

'குடும்ப மற்றும் நுகர்வோர் அறிவியல் வழியே கிராமப்புற இல்லங்களின் ஒருங்கிணைந்த மேம்பாடு' என்பது திட்டத்தின் பெயர். பேனரில் இரண்டு வரி பிடிக்கும். தேவானை கிராமத்தைப் பார்த்தவள் இல்லை. அடையாற்றின் கரையில் பிறந்து, அங்கேயே வயசுக்கு வந்து, அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று அவர்களையும் சேர்த்துச் சுத்தம் செய்தார்கள். தாம்பரம் தாண்டி, வயலாக இருந்த இடத்தில் அடுக்கடுக்காகக் கட்டியிருந்த வீடுகளில் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்த இடம் ஏதோ ஒரு ஊராட்சியின் எல்லைக்குள் வந்தது. ஆகவே முப்பத்தாறாவது வயதில், கோப்புகளின்படி, தேவானை கிராமப்புறப் பெண் ஆனாள். மயிலாப்பூரில் இரண்டு வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்துவிட்டு, புதன்கிழமை தோறும் நந்தனத்துக்கு வந்து, ஏசி போட்ட அறையில் உட்கார்ந்து, கிராமத்தில் எப்படி வாழ வேண்டும் என்று கற்றுக்கொண்டாள். பயிற்சியைக் கிராமத்திலேயே நடத்தத்தான் உத்தரவு. இணை இயக்குநருக்கு முதுகுவலி, மேடுபள்ளச் சாலை ஆகாது. மூன்றாம் மாடிக்காரர்களுக்கு வீட்டுத் தோட்டம் பற்றிப் பாடம் நடந்தது. மாடே இல்லாதவர்களுக்குச் சாண எரிவாயு பற்றி நடந்தது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

நுகர்வோர் என்றால் என்ன என்று முதல் நாளே கயலிடம் கேட்டிருந்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண், யோசிக்காமல் சொன்னது.

"வாங்கறவங்கம்மா."

"அப்ப நான்தான்," என்றாள் தேவானை. "தெனம் வாங்கறேனே."

இணை இயக்குநரின் பெயர் ஜவஹர். அடுப்பு மூட்டுவதில் கிராமத்துப் பெண்கள் செலவிடும் நேரத்தைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதி டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் இதுவரை ஒரு தீக்குச்சியாவது கிழித்திருப்பாரா என்பதில் அலுவலகத்தில் இரண்டு கருத்து உண்டு. அவருடைய மனைவி கட்டிக்கொடுக்கும் நாலடுக்கு கேரியரை அவருக்குத் திறக்கத் தெரியாது. களப் பணியாளர் நிஷா தினமும் ஒரு மணிக்கு வந்து திறந்து வைத்துவிட்டுப் போவாள்.

ஏழாவது வாரம் கணவன்மார்களை அழைத்தார்கள். பிரியாணிப் பொட்டலம் உண்டு என்றதும் ஐம்பத்துமூன்று பேர் வந்தார்கள். ஜவஹர் அன்று 'இல்லத்தில் சினம்' என்ற தலைப்பில் ஒன்றரை மணி நேரம் பேசினார். மூளையின் படம் காட்டினார். கோபம் வரும்போது நிதானமாக, வாய்விட்டு, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும் என்றார். அத்தனை பேரையும் கோரஸாக எண்ண வைத்தார். அப்போது பொன்னுரங்கம் எழுந்து நின்றான்.

"எண்ணியாச்சு சார். பத்துக்கு அப்பால இன்னா பண்றது?"

ஜவஹர் கண்ணாடியைக் கழற்றினார். முக்கியமான வாக்கியங்களைக் கண்ணாடி இல்லாமல் சொல்வது அவர் வழக்கம். "பத்து வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், பொன்னுரங்கம் பத்து வரை எண்ணினான். அவனுக்குத் தெரிந்திருந்தது.

மூன்று மாதம் கழித்து நிஷா மதிப்பீட்டுப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். படியேறி வந்த மூச்சிரைப்பு அடங்கியதும் தேவானையின் இடது கண்ணைப் பார்த்தாள். அது கத்தரிக்காய் நிறத்தில் மூடிக்கிடந்தது. நிஷா படிவத்துக்குத் திரும்பினாள். பயிற்சிக்குப் பிறகு வீட்டுக்காரரிடம் ஏதாவது மாற்றம் உண்டா என்பது இருபத்திரண்டாவது கேள்வி.

"அடிக்கறதுக்கு மின்னாடி எண்றாரு, மேடம். அது ஒண்ணுதான் புச்சு."

நிஷாவின் பேனா நின்றது. எண்ணும் முறையைக் கடைப்பிடிக்கிறாரா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான் அச்சடித்திருந்தார்கள். வேறு குறிப்பு எழுத இடமில்லை. நிஷா பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், அங்கே அச்சகத்தின் முகவரி இருந்தது. கடைசியில் ஆம் என்பதில் டிக் போட்டாள். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு மார்க் விழுந்து, பொன்னுரங்கம் தேவானை இல்லம் அந்த ஆண்டின் முன்மாதிரி இல்லம் ஆனது.

இதைச் சொல்ல நிஷா இரண்டாம் முறை வந்தபோது தேவானை சிரித்தாள். விலா வலித்ததால் பாதியில் நிறுத்தினாள். நிஷா சிரிக்கவில்லை. முன்மாதிரி இல்லத்துப் பெண்ணுக்குத் திட்டத்திலேயே பயிற்றுநர் வேலை உண்டு, ஆர்டரை மேடையில் கொடுப்பார்கள் என்றாள். பயிற்றுநர்களுக்கு அடையாறில் விடுதி இருக்கிறது, ஒரு பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளலாம், வாசலில் வாட்ச்மேன் உண்டு, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. ஒன்றே ஒன்றுதான். விருதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து வாங்க வேண்டும்.

உள்பக்கம் தாழ்ப்பாள் என்ற சொல் தேவானைக்குள் இறங்கிப்போய் உட்கார்ந்துகொண்டது. முந்தின வெள்ளிக்கிழமைதான், போனைக் கீழே வைக்கச் சொல்லி, பொன்னுரங்கம் முதல் முறையாகக் கயலைப் பார்த்து எண்ணினான். ஐந்து வரைக்கும் போனான். குறுக்கே விழுந்து மீதியைத் தேவானை வாங்கிக்கொண்டாள். வலது கைச் சுண்டுவிரல் அன்று மடங்கியது, இன்னும் நிமிரவில்லை.

அவனை வரவைப்பது சுலபமாக இருந்தது. மேடை, சால்வை, போட்டோ, ஐந்து லிட்டர் குக்கர். வெள்ளைச் சட்டைக்கு அவனே கஞ்சி போட்டுக்கொண்டான்.

விழா நந்தனத்தில் ஒரு அரங்கில் நடந்தது. நகரத்தைச் சுற்றியுள்ள கிராமப்புறங்களிலிருந்து, அதாவது நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து துரத்திக் குடியேற்றிய இடங்களிலிருந்து, நானூறு பெண்களை பஸ் வைத்துக் கூட்டிவந்திருந்தார்கள். கழிப்பறைக் கண்ணாடிக்கு முன்னால் நிஷா தேவானையின் கன்னத்தில் தன் பவுடரை அப்பினாள்.

"மேடையில பத்து நிமிஷம் சிரிச்சுக்கிட்டு நில்லுங்கக்கா. அவ்வளவுதான். இறங்கினதும் ஆர்டர் உங்க கையில. அப்படியே கயலைக் கூட்டிக்கிட்டு பின்வாசல்ல வந்துடுங்க, விடுதி ரூம் சாவி என்கிட்ட இருக்கு."

கயல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கால்களுக்கு நடுவே ஜவுளிக் கடைப் பை ஒன்றில் இரண்டு பேருடைய துணிகளும் பத்தாம் வகுப்புப் புத்தகங்களும் இருந்தன.

சால்வை போட்டார்கள். குக்கரைத் தேவானையின் கையில் கொடுத்தார்கள். நிஷா ஆர்டர் வைத்த தட்டோடு ஓரமாக நின்றாள். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜவஹரின் கையில் மைக் இருந்தது, முன்வரிசையில் கேமரா இருந்தது. ஒரு சிறிய திட்டம் எப்படி ஒரு மனிதனின் உள்ளத்தைத் திறந்தது என்பதை இந்தத் தம்பதியே இப்போது நமக்குச் செய்துகாட்டுவார்கள் என்றார். கண்ணாடியைக் கழற்றினார். "கோபம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், பொன்னுரங்கம். எண்ணுங்கள் பார்க்கலாம்."

பொன்னுரங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். மனைவியைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"ஒண்ணு," என்றான், மைக்கில். மேடையின் இரு பக்கத்து ஸ்பீக்கர்களிலும் அது கேட்டது.

தேவானை சிரித்தாள். ரெண்டிலும் சிரித்தாள். அதற்குள் அவளுடைய கால் தானாக நகர்ந்து, இல்லாத கஞ்சிச் சட்டியைத் தள்ளியது. நாலில் மடங்கின சுண்டுவிரலோடு கை காதுக்குப் போனது. முதுகு பின்வாங்கிச் சுவரைத் தேடியது, பேனர் துணிதான் அகப்பட்டது. "கூடவே எண்ணுங்கம்மா," என்று ஜவஹர் சபையைப் பார்த்துக் கையை ஆட்டினார். யாரும் எண்ணவில்லை. அப்போதுதான் தேவானை கீழே பார்த்தாள். முன்வரிசையில் பச்சைப் புடவைக்காரி ஒருத்தி தன் தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி மூக்குக் கண்ணாடியை மடித்து ரவிக்கைக்குள் போட்டாள். இன்னொருத்தி மடியிலிருந்த குழந்தையின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். வரிசை வரிசையாக நாற்காலிகளில் முதுகுகள் பின்னுக்குச் சாய்ந்தன. தங்களுக்கே தெரியாமல் அவர்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆறு. பொன்னுரங்கத்தின் வெட்கம் போய்விட்டது. ஏழு. அவனுடைய கண்ணில் அந்தப் பார்வை வந்துவிட்டதைத் தேவானை பார்த்தாள். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"எட்டு" என்று சொல்லிக்கொண்டே அறைந்தான்.

பழக்கம்தான். அவன் கையைப் பார்த்து அவனே ஒரு கணம் திகைத்தான். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அறை ஸ்பீக்கர்களில் வெடித்தது. குக்கரின் மூடி எகிறி மேடைப் பலகையில் விழுந்து சுற்றியது. தேவானையின் உதடு பிளந்து, பவுடர் மேல் ரத்தம் இறங்கியது. அவள் விழவில்லை, அவளுக்குப் பின்னால் பேனர்தான் கிழிந்தது.

ஜவஹர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "நடிப்பு," என்றார். சிரித்தார். "என்ன தத்ரூபமான நடிப்பு. பழைய வாழ்க்கை எப்படி இருந்தது என்று காட்டுகிறார்கள். கைதட்டுங்கள்." அவரே தட்டிக் காட்டினார். பிறகு மைக்கைத் தேவானையின் வாய்க்கருகே கொண்டுவந்து, "சொல்லுங்கம்மா, நடிப்புதானே?" என்று கேட்டார். குரல் குழைந்தது, கண் கெஞ்சியது. ஓரத்தில் நிஷா தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை மெல்ல ஆட்டினாள். ஆமாம்னு சொல்லிடுங்கக்கா என்பதுபோல் இருந்தது அந்த ஆட்டல்.

தேவானை வாயைத் திறந்தாள். ஆமாம் என்றுதான் சொல்லப்போனாள்.

"ஒம்போது," என்று ஒரு குரல் கேட்டது.

மூன்றாவது வரிசை. கயல் எழுந்து நின்றிருந்தாள், துணிப்பை கையில் இருந்தது. பச்சைப் புடவைக்காரி திரும்பி அவளைப் பார்த்தாள், பிறகு மேடையைப் பார்த்தாள். "ஒம்போது," என்றாள் அவளும். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், நடுவிலிருந்து பத்துக் குரல்கள், அப்புறம் நானூறு பேரும். யாரும் கத்தவில்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே, நிதானமாக, வாய்விட்டுச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, பத்தைத் தேவானைக்கு விட்டு நிறுத்தினார்கள்.

பொன்னுரங்கம் ஒரு அடி பின்னால் வைத்தான். மூடியிலிருந்து கழன்ற குக்கர் வெயிட் மேடையில் உருண்டுபோய் இணை இயக்குநரின் ஷூவில் இடித்து நின்றது. மூடியில்லாத ஐந்து லிட்டர் குக்கரின் கைப்பிடியைத் தேவானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மடங்கின சுண்டுவிரல் மட்டும் சேராமல் கோணலாக வெளியே நின்றது.