பட்டன் மட்டும்தான் பாக்கி

கத்தரிக்கோல் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் மாஸ்டர் குனிந்து நூலைப் பல்லால்தான் கடித்தார். தையல்காரனுக்குக் கத்தரிக்கோல் என்பது போலீஸ்காரனுக்குத் தொப்பி மாதிரி, ஆளை அடையாளம் காட்டத்தானே தவிர வேலைக்கு இல்லை என்பது அவர் கட்சி. அன்றைக்கு மடியில் கிடந்தது ஒரு ஜீன்ஸ் பேண்ட். கடித்த வாய்க்குள் நூலோடு சேர்ந்து ஜிப்பின் பித்தளை நாக்கும் போயிருந்ததை அவர் கவனிக்கவில்லை. 'டக்'கென்று ஒரு சத்தம். முன்பல்லில் பாதி உடைந்து, வாடிக்கையாளரின் பாக்கெட்டுக்குள் போய் விழுந்தது.

"என்னங்க, ஊசி உடைஞ்சிருச்சா?" எதிரே உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"ஊசின்னா மாத்திக்கலாமே," என்றார் மாஸ்டர், உதட்டைப் பிரிக்காமல்.

அவள் எழுந்து வந்து அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். சிரித்ததற்காக வருத்தப்பட்டாள். பிறகு மறுபடியும் சிரித்தாள்.

"கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன். கத்தரிக்கோல் என்ன கடிக்கவா போகுது?"

மாஸ்டருக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் சிரித்ததும் உள்ளே போன காற்று உடைந்த பல்லில் பட்டு உச்சந்தலை வரை சுளீரென்றது. அந்தச் சிரிப்போடு நிறுத்திக்கொண்டார்.

அந்த வட்டாரத்தில் அவருக்கு 'நாளைக்கு மாஸ்டர்' என்று பெயர். கொடுத்த துணி கட்டுகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கும். வந்து கேட்டால், "எல்லாம் முடிஞ்சுதுங்க, பட்டன் மட்டும்தான் பாக்கி. நாளைக்கு வாங்க" என்பார். இதைப் பொய் என்று அவர் நினைத்ததே இல்லை. வெயிலில் நடந்து வந்து நிற்கிற மனுஷனின் முகத்தைப் பார்த்து 'இன்னும் வெட்டவே இல்லை' என்று சொல்ல எப்படி மனசு வரும்? இளகின மனசு. அவ்வளவுதான்.

முதலில் கடைத்தெருவில் இருந்த தனியார் பல் மருத்துவரிடம் போனார். குளுகுளு அறை, மீன் தொட்டி, மீனைப் போலவே சத்தமில்லாமல் நடக்கிற ஊழியர்கள். அங்கே சொன்ன தொகைக்குப் புதிதாக ஒரு தையல் மெஷினே வாங்கி, அதற்கு மோட்டாரும் மாட்டிவிடலாம். "வீட்ல கேட்டுட்டு வரேங்க" என்று வெளியே வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார் என்று எழுதலாம். ஆனால் அதற்கும் அப்போது வழியில்லை.

ஆகவே அரசு மருத்துவமனை. பல் பிரிவு, தாழ்வாரத்தின் கடைசியில், ஓட்டைச் சக்கர நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த அறைக்குப் பக்கத்தில் இருந்தது. பெஞ்சில் உட்காரப் போனவர், அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று யோசித்தார். பஸ் கண்டக்டர். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. மறுபக்க வாய் நன்றாகவே வேலை செய்தது.

"வாங்க மாஸ்டர், வாங்க! என் பேண்ட் என்னாச்சு?"

"பட்டன் மட்டும்தான்..." என்றார் மாஸ்டர், கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"எந்தப் பட்டன்? போன மழைக்குச் சொன்னீங்களே, அதே பட்டனா?" கண்டக்டர் பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "நானே ஒரு பல்லைப் புடுங்க வந்திருக்கேன். மிச்சப் பல்லெல்லாம் கொட்டறதுக்குள்ள குடுத்துருங்க, புண்ணியமாப் போகும்."

பெஞ்சே சிரித்தது. ஆளாளுக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மருத்துவர் ஒரு சின்ன உருவப் பெண். மாஸ்டரின் பல்லைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார், லேசாகத் தட்டினார், காற்றை ஊதினார். மாஸ்டர் நாற்காலியோடு எம்பினார்.

"நல்ல வேளை, நரம்பு தப்பிச்சிருக்கு. சீக்கிரம் மூடிட்டா பல்லைக் காப்பாத்திடலாம். நாள் போச்சுன்னா புடுங்கறதத் தவிர வழியில்ல."

"அப்ப மூடிருங்கம்மா."

"அடைக்கிற மருந்து ஸ்டாக் தீந்துபோச்சு. அடுத்த வாரம் வந்துரும், வாங்க." கொஞ்சம் தயங்கி, "புடுங்கணும்னா மட்டும் இப்பவே செய்யலாம். இலவசம்" என்றார்.

இலவசமாகக் கிடைப்பதை வேண்டாம் என்று சொன்னது மாஸ்டரின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் போனார். மருந்துக் கிடங்கின் ஜன்னலுக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா, "வண்டி கிளம்பிருச்சாம்" என்றார். அதற்கடுத்த வாரம், "எல்லாம் முடிஞ்சுது சார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்றார்.

மாஸ்டர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். இந்த ராகம் எங்கேயோ கேட்ட ராகமாயிற்றே!

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "யாருங்க அவரு, உங்க கூடப்பொறந்த தம்பியா?"

மாஸ்டர் சிரிக்கவில்லை. அவளும் மெல்ல நிறுத்திக்கொண்டாள்.

"இங்க பாருங்க, பேசாம புடுங்கிட்டு வந்துருங்களேன்."

"புடுங்கிட்டா? அப்புறம் வாயத் தொறந்தா கடை ஷட்டரைப் பாதி தூக்கின மாதிரி இருக்கும்."

"இருந்தா இருக்கட்டும். நீங்க சிரிக்காம இருக்கறதுதான் எனக்குப் பொறுக்கல. கடைல மெஷின் சத்தம் மட்டும்தான் கேக்குது. யாரோ வேத்தாள் கடைல கூலிக்கு வேலை பாக்கற மாதிரி இருக்கு."

மாஸ்டர் எழுந்து கடைக்குப் போனார். அன்று மாலை அலமாரியிலிருந்து கண்டக்டரின் துணிக்கட்டை எடுத்துப் பிரித்தார். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெட்டினார்.

அதற்கடுத்த வாரம் மருத்துவமனைக்குப் போனபோது பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்க முடியாத நிலை. உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்துப் பல்லைப் பார்த்த மருத்துவர், "ஒரு நிமிஷம், கருவியெல்லாம் கொதிக்குது, எடுத்துட்டு வரேன்" என்று வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுப் பின்னறைக்குப் போனார்.

கோட்டின் நடுப் பட்டன் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரில் ஒட்டியிருந்த பல் தேய்க்கும் முறையைப் படித்தார். திரும்பிப் பார்த்தார். பட்டன் இன்னும் தொங்கியது. காலருக்கு உட்புறம் நூல் கோத்த ஊசி ஒன்றை எப்போதும் செருகி வைத்திருப்பவர் அவர். எத்தனை நேரந்தான் பொறுப்பார்? எழுந்து போய்க் கோட்டை எடுத்து வந்து மடியில் போட்டுக்கொண்டு பட்டனை இறுக்கமாகத் தைத்தார். நூலைச் சுற்றினார், முடிச்சுப் போட்டார், குனிந்தார், கடித்தார்.

"ஐயோ!"

மருத்துவர் இடுக்கியும் கையுமாக ஓடி வந்தார். நாற்காலியில் ஒரு மனிதர், கண்ணில் நீர், மடியில் தன்னுடைய கோட்டு, வாயிலிருந்து பட்டன் வரைக்கும் வெள்ளை நூல்.

"ஓஹோ! இப்படித்தான் உடைஞ்சுதா?" என்று கேட்டவர், சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்று, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மேஜையிலிருந்த கத்தரியை எடுத்து அவரே நூலை வெட்டி விட்டார்.

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க தொழில்ல, துணிய வெட்டவே இல்லன்னாலும் பட்டன் மட்டும்தான் பாக்கின்னு சொல்லுவோம். வந்து நிக்கறவங்க முகம் வாடிருமேன்னுதான். உங்க மருந்தும் அந்த மாதிரியா? பட்டன் பாக்கியா, இல்ல துணியே வெட்டலியா?"

மருத்துவரின் சிரிப்பு நின்றது. கோட்டை வாங்கிப் பட்டனை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"துணியே வரல மாஸ்டர்," என்றார். "இந்த மாசமும் வராது, அடுத்த மாசமும் வராது. நான் எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு. வலியோட வர்றவங்க கிட்ட இல்லைன்னு சொல்ல வாய் வராம, நானும் அடுத்த வாரம் அடுத்த வாரம்னு சொல்லிட்டிருக்கேன்."

"அப்ப என் பல்லு?"

"பொழைக்கும். ஆனா இங்க இல்ல. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. படிக்கிற பசங்க அடைச்சு விடுவாங்க. அரை நாள் வாயத் தொறந்து வச்சிருக்கணும். பக்கத்துல வாத்தியார் நின்னு அவங்களத் திட்டிட்டே இருப்பார். ஆனா வேலை சுத்தமா இருக்கும், கையக் கடிக்காது. உங்க கடைல ஒரு சட்டைக்கு வாங்குவீங்களே, அவ்வளவுதான் ஆகும்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. காற்று பட்டுச் சுளீரென்றது. பரவாயில்லை என்று சிரித்தார்.

"ரொம்ப சந்தோஷம்மா. அப்ப நாளைக்கே..."

"நாளைக்கு இல்ல மாஸ்டர்," என்றார் மருத்துவர், கோட்டை மாட்டிக்கொண்டே. "இன்னைக்கு. இப்பவே."