பாஞ்சாலையின் கை

பழைய வேட்டியின் ஓரத்தைக் கிழித்து, அண்ணனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டக் காசி குனிந்தான். ரஞ்சிதம் அந்தத் துணியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"ஒம்போது ஆவட்டும்" என்றாள்.

"அண்ணி, எட்டு மணிக்கே சின்ன டாக்டர் வந்து பாத்துட்டு எழுதிக் குடுத்துட்டாரே. இன்னும் இன்னாத்துக்கு?"

"ஒம்போது ஆவட்டும்னு சொன்னேன்."

காசி நிமிர்ந்து உட்கார்ந்தான். சந்தையில் புளி வாங்க நேற்றுத்தான் படவேட்டிலிருந்து மலையேறி வந்தவன். வந்த இடத்தில் இப்படி ஆகும் என்று யார் கண்டது. ஆஸ்பத்திரி ஜீப்பைக் கேட்டு வைத்திருந்தான். போளூர் சுற்றி ஊர் போய்ச் சேர்ந்து, பொழுது சாய்வதற்குள் கொள்ளி வைக்க வேண்டும். அண்ணியோ புருஷனின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அதிர்ச்சியில் புத்தி பிசகிவிட்டதோ என்று அவனுக்கு உள்ளுக்குள் கிலி.

புத்தியெல்லாம் பிசகவில்லை. டாக்டர் ராஜவேலு ராத்திரி டூட்டி முடிந்து ஏழு மணிக்கு வூட்டுக்கு வந்தார், காப்பி குடித்தார், "நெஞ்சக் கரிக்குது, செத்த படுக்கறேன்" என்றார். அவள் இரண்டு குடம் தண்ணீர் பிடித்துவிட்டு வருவதற்குள் போய்விட்டார். அவ்வளவு சுருக்காகப் போன மனுஷனுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் குடியா முழுகிவிடும்? அதுவும் அது அவரே வைத்த சட்டம்.

மலைமேல் அந்த இருபது கட்டில் தரும ஆஸ்பத்திரியில் ராத்திரி யார் செத்தாலும் ராஜவேலு உடனே கையெழுத்துப் போடமாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பிணத்தின் நாடியைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் உட்காருவார். பிறகு டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்து, ஸ்டெத்தை வைத்துக் கேட்டு, அதற்கப்புறம்தான் பேனாவைத் திறப்பார். "டாக்டரு பொணத்துகிட்ட ஊர்க்கத கேக்கறாரு" என்று நர்ஸ் மங்கம்மாள் சொல்லி வார்டே சிரிக்கும். ரஞ்சிதத்துக்கு மட்டும் சிரிப்பு வந்ததில்லை.

எழுபத்தொன்றில், அவர் வேலைக்கு வந்த முதல் வருஷம், மேல்கரையிலிருந்து பாஞ்சாலை என்கிற பெண்ணை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். தூக்கத்தில் கட்டுவிரியன் கடித்திருந்தது. ராத்திரி மூன்று மணிக்கு அவள் இறந்துவிட்டதாக ராஜவேலு சொன்னார். நாலு பேர் அதே டோலியில் திருப்பித் தூக்கிக்கொண்டு போய் அன்றைக்கே புதைத்தார்கள். இரண்டு வாரம் கழித்துச் சந்தையில் அவள் புருஷன் சின்னதம்பியைப் பார்த்து இவர் ஆறுதல் சொல்லப் போக, அவன் சொன்னானாம், வூடு போற வரைக்கும் பாஞ்சாலையின் கை சூடாகவே இருந்தது என்று.

கட்டுவிரியன் விஷம் ஏறினால் இமை தூக்காது, விரல் அசையாது, மூச்சு இருக்கிற இடம் தெரியாது. உயிர் இருந்தும் பிணம்போலக் கிடப்பார்கள் என்று அவர் படித்த புத்தகத்திலேயே இருந்தது. அன்றைக்கு வூட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். மறுநாளே ராத்திரி டூட்டி முழுக்கத் தனக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பதிமூன்று வருஷம். பகலில் தூங்கும்போது திடுக்கிட்டு எழுந்து, "யாரோ டோலி தூக்கிக்கினு போறாங்க, பாரு" என்பார். அவள் போய்ப் பார்ப்பாள். பாதை வெறிச்சென்று கிடக்கும். மத்தியானத்தில் அவள் கண்ணயர்ந்தால் அவர் விரல்கள் அவள் மணிக்கட்டில் இருக்கும். போகப் போக அவளுக்கே தனியாகப் படுத்த ராத்திரிகளில் ஜன்னலுக்கு வெளியே சுமை தூக்குகிறவர்களின் மூச்சு கேட்க ஆரம்பித்தது. பிள்ளை இல்லாததற்கு ஊர் ஆயிரம் காரணம் சொன்னது. அவளுக்கு ஒரே காரணம்தான். மண்ணுக்குள் போய்விட்ட ஒருத்தியோடு தன் புருஷனைப் பங்கு போட்டுக்கொண்டு அவள் குடித்தனம் நடத்தினாள்.

ஒன்பது அடித்தது. கை சில்லிட்டுக் கிடந்தது. அவளுக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. "இப்ப கட்டு" என்று துணியைக் காசியிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

சேதி மலையெல்லாம் பரவி, பத்து மணிக்குள் வாசல் நிறைந்துவிட்டது. ஆட்கள் ஓசையில்லாமல் வந்து, பார்த்து, ஓரமாய்ப் போய் நின்றார்கள். அவர்களில் ஒருவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிலைப்படிக்கு வெளியிலேயே தயங்கினான். சின்னதம்பி. சந்தையில் அவன் தலை தெரிந்தால் ராஜவேலு பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடுவார். அவளும் கூடவே நுழைந்திருக்கிறாள்.

அவனைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஒன்னு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. பாஞ்சாலை கை சூடா இருந்துச்சின்னு இவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனுங்கம்மா. கையி டோலிக்கு வெளியவே நீட்டிக்கினு வந்துச்சி. உள்ள வெக்கலாம்னு பாத்தா மடங்கல, கட்ட மாதிரி வெறச்சிப் போச்சி. பாதி வழியில வெயிலு ஏறிடுச்சிங்க. வெயிலு பட்டுக் கையி சூடாயிடுச்சி. உசுரோட இருக்கற கை மாதிரியே இருந்துச்சி. வூடு வரைக்கும் புடிச்சிக்கினே போனேன்."

"வெறச்சிப் போயிருந்துச்சா?"

"ஆமாங்க. குளிப்பாட்றதுக்கே செரமப்பட்டாங்க."

விறைத்த உடம்புக்கு என்ன அர்த்தம் என்று டாக்டர் பெண்டாட்டிக்குத் தெரியாதா. விஷத்தில் உயிரோடு கிடக்கிற உடம்பு துவண்டுதான் கிடக்கும்; மூன்று மணிக்குச் செத்திருந்தால்தான் வெயிலேறும்போது அப்படி விறைக்கும். அவர் சொன்னது சரி. அந்த ராத்திரியே சரி.

"வெறச்சிப் போச்சின்னு இவர்கிட்ட சொல்லலியா?"

"அவரு கேக்கலீங்களே. சூடா இருந்துச்சின்னு சொன்னதுமே தலையத் தொங்கப் போட்டுக்கினு போய்ட்டாரு. அப்பறம் என்னப் பாத்தாலே ஒதுங்கிடுவாரு. டாக்டரு, அவருக்குத் தெரியாததான்னு நானும் உட்டுட்டேன்."

வருகிறவனையெல்லாம் எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று குடைந்து குடைந்து கேட்கிற மனுஷன். ஒரே ஒருத்தனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப் பயந்து பதிமூன்று வருஷத்து ராத்திரியைத் தொலைத்துவிட்டுக் கிடக்கிறாரே, பாவி மனுஷன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அப்போதுதான் அவள் அழுதாள். என்ன தப்பாய்ச் சொல்லிவிட்டோம் என்று விளங்காமல் சின்னதம்பி பக்கத்திலேயே நின்றான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அப்படியே தரையில் குந்திவிட்டான்.

"எந்திரிங்க. இத அவர்கிட்ட சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

"இப்ப எப்டிங்கம்மா..."

"காதுல சொல்லுங்க. அவ செத்துத்தான் போயிருப்பான்னு நானும் எத்தினியோ வாட்டி சொல்லிட்டேன். நான் சொன்னா அவரு நம்பமாட்டாரு."

கூடத்திலிருந்த பெண்களை எழுப்பி வெளியே அனுப்பினாள். சின்னதம்பி தயங்கித் தயங்கி உள்ளே போனதும் கதவை இழுத்துச் சாத்தி, அதில் சாய்ந்து நின்றுகொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தான். காசி வேகமாய்ப் படியேறி வந்தான்.

"அண்ணி, மேகம் இறங்குது. மழ புடிச்சிக்கிச்சின்னா ஜீப்பு எறங்காது. யாரு உள்ள?"

"வேண்டியவரு."

"எவ்ளோ நேரம்?"

உள்ளே தாழ்ந்த குரலில் பேச்சு போய்க்கொண்டிருந்தது. நடுவில் நின்றது. மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பிறகு சின்னதம்பி மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.