மூன்று விரல் வெயில்

...கையெழுத்து ஒன்றுதான், அதை வாங்கிவிட்டால் முடிந்தது, என்று ஷேர் ஆட்டோவின் ஓரத்தில் ஒரு கால் வெளியே தொங்க உட்கார்ந்திருந்த ரிஷப் தனக்குள் சொல்லிக்கொண்டான், காலையிலிருந்து இருபதாவது முறையாக. சட்டைப் பையில் கடிதம் நான்காக மடிந்து கிடந்தது. ஐயம்பேட்டை மனையில் வீடு கட்டும் எண்ணத்தைக் கைவிடுகிறேன், வரைபட அனுமதியை ரத்து செய்து, செலுத்திய உள்கட்டமைப்புக் கட்டணத்தைத் திருப்பித் தருமாறு... மூன்றே வரி. எட்டு மாதம் எழுதிக் கிழித்து மூன்று வரியில் வந்து நின்றது. வரைபட அனுமதி தந்த அலுவலகத்தின் கிளார்க் அதைப் படித்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார், பாதாள சாக்கடை லைன் இப்போ உங்க லேஅவுட்லதான் போயிக்கினு இருக்குது சார், உங்க மனைக்கு இணைப்பு வுட்டுட்டாங்கன்னா பணம் திரும்பாது, அங்க இன்ஜினியர் அம்மா இருப்பாங்க, இன்னும் வுடலன்னு ஒரு கையெழுத்து வாங்கிக்கினு அஞ்சே முக்காலுக்குள்ள வந்துடுங்க. சரி, என்றான். எட்டு மாதமாக எல்லாவற்றுக்கும் அவனிடம் இருந்த பதில் அது ஒன்றுதான். தனியா எதுக்குப்பா வீடு, என்று அப்பா கேட்டபோதும் சரி. மனைவி மோனிஷாவின் புடவைகளை அவள் அம்மா எடுத்துப் போகட்டுமா என்று கேட்டபோதும் சரி. மூன்று நாள் காய்ச்சலில் ஓர் ஆள் போய்விட முடியும் என்று டாக்டர் விளக்கியபோதுகூடச் சரி என்றுதானே சொன்னான்? அப்படித்தான் நினைவு.

மணி நாலரை. வயல், செங்கல் அடுக்கு, வயல். மழை நின்று ஒரு வாரம் ஆகியும் ரோட்டோரம் தண்ணீர் வடியவில்லை. அந்தக் கட்டணத்துக்கான கடிதம் வந்ததும் இதே மாதிரி ஒரு மழைக்குப் பிறகுதான். சின்ன காஞ்சிபுரத்து வாடகை வீட்டில், பொழுது சாய்வதற்குள் இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள், விளக்கு வைத்த பிறகு சாப்பிடுவது சமணர்களான அவர்கள் இரண்டு வீட்டிலும் பழக்கமில்லை, மோனிஷா இடது கையில் கடிதத்தைப் பிடித்து உரக்கப் படித்தாள். இத்தனை சதுர மீட்டர், இவ்வளவு தொகை. அவனுக்குச் சுர்ரென்றது. வீடே இல்ல, செங்கல் கூட வாங்கல, அதுக்குள்ள ரோட்டுக்கும் சாக்கடைக்கும் பணமா? பழைய தெருக்காரங்க எல்லாம் குடுத்தாங்களா? அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, நாம போய் உக்காந்தப்புறம் கேட்டா அந்தச் செலவு அவங்க தலையிலதானே விழும், நம்மால ஆகுற செலவை நாமதான் தரணும், என்றாள். பிறகு சிரித்தாள். 'மொய்னு நெனச்சுக்கோப்பா. ஊருக்கு நாம வைக்கிற மொய். வாங்கிக்கினு, இந்த வீட்ல இருந்து இத்தினி பேர் வராங்கன்னு எழுதிக்கிறாங்க இல்ல? என்னை இதுவரைக்கும் யாரும் இப்படி எழுதி வச்சிக்கினு எதிர்பார்த்ததில்ல. நீகூட.' நான் கூடவா? அன்றைக்கு அதற்கு என்ன பதில் சொன்னான்... அப்பளத்தை எடுத்தான் போலிருக்கிறது. அப்படித்தான் செய்திருப்பான்.

வளைவில் இறங்கி நடந்தான். நாற்பது மனை, நாற்பது பேர் கட்டிய பணம், தெரு நீளத்துக்கும் பள்ளமாகத் தோண்டப்பட்டிருந்தது. மேட்டு மனைகளில் ஏற்கெனவே நாலைந்து வீடுகள் எழும்பியிருந்தன. கம்பங்கள் நட்டிருந்தார்கள், விளக்கு இன்னும் மாட்டவில்லை. ஆகவே பணம் எங்கேயும் போகவில்லை, இதோ மண்ணுக்குள் குழாயாகக் கிடக்கிறது, அவள் சொன்ன மாதிரியே. குழாயின் அகலத்தை எப்படி முடிவு செய்வார்கள் என்று அவள்தான் எங்கோ கேட்டு வந்து சொன்னாள், வீட்டுக்கு இத்தனை பேர், ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று பெருக்குவார்களாம். அப்படியானால் இந்தக் குழாயில் அவள் பங்கு லிட்டரும் இருக்கிறது. ஆள் போய்விட்டாள், குழாய் இளைக்கவில்லை. இதை நினைத்தபோது ஏதாவது தோன்ற வேண்டும், இல்லையா? ஒன்றும் தோன்றவில்லை, செருப்பில் சேறு ஏறியது, அதுதான் தெரிந்தது.

அவன் மனைக்கு நேரே வேலை வந்துவிட்டிருந்தது. மேஸ்திரி சபாபதி பள்ளத்துக்குள் இடுப்பளவு நின்று சேம்பர் தொட்டிக்குச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். மேலே மஞ்சள் தொப்பியும் கையில் வரைபடமுமாக ஓர் இளம்பெண், இன்ஜினியர் தேவிப்ரியா. அவன் பையில் கைவிட்டு, நான் மனை எண் இருபத்தி மூணு, என்று ஆரம்பிப்பதற்குள் அவள் முகம் மலர்ந்துவிட்டது. 'இருபத்தி மூணா? சார், அந்த மேடம் உங்க வீடா? வாரத்துக்கு ரெண்டு போன் பண்ணுவாங்க, டெண்டர் விட்டாச்சா, எங்க தெருவுக்கு எப்ப வருவீங்கன்னு. கடைசில நானே, மேடம், நீங்களே வந்து மண்வெட்டி புடிங்கன்னு சொல்லிட்டேன். புடிக்கிறேன், டீ வாங்கித் தருவீங்களான்னு கேட்டாங்க!' அவள் சிரித்தாள். 'அப்புறம் போனையே காணோம். வேற ஊருக்கு மாத்தலாயிட்டாங்களோன்னு நெனச்சேன்.' அவன் வாயைத் திறந்தான். இவளிடம் சொல்லியாக வேண்டும், கடிதத்துக்கும் அதுதானே காரணம்... இவளிடமும் மோனிஷா சிரித்துப் பேசியிருக்கிறாள், அவனுக்குத் தெரியாமல், வாரத்துக்கு இரண்டு முறை, எங்கள் தெரு எங்கள் தெரு என்று. அவர்களுக்கு வீடே இல்லாத தெரு.

'இன்னா சார், அப்புறம் பேசலாம்,' என்று பள்ளத்திலிருந்து குரல் வந்தது. 'கலவை காஞ்சிக்கினு இருக்குது. உங்க வீட்டுக் குழாய்க்கு ஓட்டை எந்தப் பக்கம் வுடணும்? எல்லாருக்கும் ரைட்லதான் வுட்டுக்கினு வரேன், அக்னி மூலைல சமையக்கட்டு. உனக்கும் அதே தானேபா?'

'லெஃப்ட்,' என்றான் ரிஷப்.

'லெஃப்டா! நைருதி மூலைலயா அடுப்பு? எவன்பா உனக்குப் பிளான் போட்டது?' பிளான் போட்டவரும் இதே மாதிரித்தான் கத்தினார். தெற்குப் பார்த்த மனை, தெருவிலிருந்து பார்க்க அடுப்பு வலது ஓரம் தென்கிழக்கில் என்று அவர் கோடு போட்டுவிட்டார், மோனிஷா ரப்பரை எடுத்து அவர் எதிரிலேயே அழித்து, அடுப்பை இடது ஓரம் தென்மேற்குக்கு மாற்றச் சொன்னாள். 'அண்ணா, எங்க வீட்ல இருட்டினா சாப்பிட மாட்டோம். அடுப்பாண்ட நின்னுக்கினே சூரியன் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியணும். மேற்கால ஜன்னல் வை.' வாடகை வீட்டுச் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது, தினமும் ஈரக் கையோடு மொட்டை மாடிக்கு ஓடுவாள், கையை நீட்டி சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே விரல்களை அடுக்குவாள், விரலுக்குக் கால் மணி நேரம், ரெண்டு விரல்தான் இருக்குது சீக்கிரம் வாப்பா, என்று படியிலிருந்தே கத்துவாள். ஓடி ஓடிக் கால் வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஜன்னல் வேண்டும் என்று மட்டும்தான் சொன்னாள்.

சாந்துக் கரண்டி தொட்டிச் சுவரில் உரசும் சத்தம். சபாபதி முணுமுணுத்தபடி இடது பக்கம் இரண்டு செங்கலை உருவி, குட்டைக் குழாய் ஒன்றைச் செருகி, சுற்றிலும் கலவையை அப்பினார். தேவிப்ரியா வரைபடத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டாள். பிறகு, 'சார், ஏதோ சொல்ல வந்தீங்களே?' என்றாள். அவன் கை இன்னும் பைக்குள்தான் இருந்தது, கடிதத்தின் மடிப்பு விரலில் பட்டது. கலவை ஈரம். இப்போது சொன்னாலும் குழாயை உருவிவிடலாம், கையெழுத்தும் வாங்கலாம், அஞ்சே முக்காலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது... 'ஒரு நிமிஷம்,' என்றான். சரி என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? லெஃப்ட் என்றது யார், அவனா? அதற்குள் யோசிக்கவே இல்லையே. மனைக்குள் நாலு எட்டு வைத்தான், முட்செடி, ஈர மண், ஜன்னல் வரவேண்டிய இடம். அங்கே நின்று மேற்கே பார்த்தான், தடுக்க ஒரு சுவர்கூட இல்லை. கை தானாக எழுந்தது. சூரியனுக்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, வயிற்றில் சுள்ளென்று ஒரு பசி, எத்தனை மாதத்துக்குப் பிறகு. இங்கிருந்து அலுவலகம் போய், சின்ன காஞ்சிபுரம் சேர்ந்தால் இருட்டிவிடும், இன்றைக்குப் பட்டினிதான். இங்கேயே ஓர் அடுப்பு இருந்தால்... மூன்று விரல், தாராளமாகச் சமைத்துச் சாப்பிட்டுவிடலாம். பின்னால் தேவிப்ரியா, 'சார்?' என்று மறுபடி கூப்பிட்டாள். அவன் விரல்களை இறக்காமல் நின்றான்.