துரையின் மன்னார்ப் பயணம்

மன்னாருக்கு ரயில் விட்டுவிட்டார்கள் என்று பேப்பரில் படித்த நாளிலிருந்து, தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. வடக்குக் கடலில் தூண்டில் போட்டே தீருவது என்று கிளம்பிவிட்டார். மீன் வேண்டுமென்றால் பதுளையில் செல்வநாயகம் கடையில் கட்டாக் கருவாடு கிடைக்காதா என்றுதான் பங்களாக் குசினியில் சமைக்கும் கந்தப்பனுக்குத் தோன்றியது. ஆனால் துரைக்குத் தின்பதற்கு மீன் வேண்டியதில்லை, மல்லுக்கட்டுவதற்கு வேண்டும். இந்தக் கிறுக்குக்கெல்லாம் மருந்து கிடையாது.

பங்களாவே தலைகீழானது. சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடத்தை விரித்துவிட்டதால், துரை மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார். மாலையானால் முற்றத்துப் புல்லில் நின்று தூண்டில் வீசிப் பழகினார். முதல் வீச்சில் ரோசாச் செடி மாட்டியது, அடுத்ததில் கந்தப்பனின் தலைப்பாகை. துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கந்தப்பனும் சிரித்தார்; சிரிக்காமல் என்ன செய்வது? கூடாரம், கொசுவலை, காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை, நெய் டின் எல்லாம் சேர்க்கிற வேலை அவர் தலையில்தான் விழுந்தது. கூடவே போகப் போகிறவரும் அவர்தானே.

சேதி தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கும் போய்விட்டது. ஒரு நாள் கொழுந்து நிறுத்து முடிந்ததும் வேலாயி குசினியின் பின்வாசலில் வந்து நின்றாள்.

அவள் கதை தோட்டத்துக்கே தெரியும். மகள் ஜெயலெட்சுமி மடியில் பால் குடித்த காலத்தில், இந்தியாவிலிருந்து தோணியில் வந்து மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்து வந்தவள். நடுவழியில் புருசனுக்கு வாந்திபேதி. ரோட்டோரத்து ஆஸ்பத்திரிக் கொட்டகையில் அவரைக் கிடத்திவிட்டு, “பின்னால வந்து சேருவான், நட” என்று அன்றைய கங்காணி கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் வந்து சேரவில்லை. செத்தார் என்ற சேதியும் வரவில்லை. வேலாயி தாலியைக் கழற்றவில்லை.

இத்தனை காலம் யாரும் கேட்காததை இப்போது சம்பந்தக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். ஜெயலெட்சுமிக்கு ஹாலிஎலையில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. தாலித் தட்டை ஏந்தப் போகிற பெண்ணின் தாய் வாழ்கிறவளா, தாலி அறுத்தவளா என்று தெரிந்தாக வேண்டும் என்று மாப்பிள்ளையின் தாய் கங்காணி பொன்னையாவிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். அறுத்தவள் என்றால் தாலி கட்டி முடியும்வரை லயத்துக் காம்பரா அறைக்குள்ளேயே கிடக்க வேண்டும். பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக்கூடப் பார்க்க முடியாது.

“நீங்க மன்னாருக்குப் போறீகளாமேண்ணே. அங்க கவர்மெண்டு கச்சேரியில செத்தவுக பேரெல்லாம் எழுதி வச்சிருப்பாகளாம். கேட்டுட்டு வாங்கண்ணே” என்று ஒரு சின்ன மூட்டையை நீட்டினாள். “உள்ள ஒரு வேட்டி இருக்கு, ஒரு பொட்டலம் எள்ளு இருக்கு. உசுரோட இருந்தா வேட்டியக் குடுங்க. இல்லைன்னா எள்ளைக் கடல்ல விட்டுருங்க.”

கந்தப்பன் மூட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “கட்டாயம் கேட்டுட்டு வர்றேன் தாயி. அவரு பேரு என்ன?”

வேலாயி தலையைக் குனிந்துகொண்டாள். புருசன் பெயரைப் பொண்டாட்டி வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். “அத நான் எப்புடிண்ணே சொல்றது? புள்ளைய அனுப்பிச் சொல்லச் சொல்றேன்” என்று போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பசறைப் பக்கத்துத் துரை விருந்துக்கு வந்தார். மன்னாரில் வெயில் மண்டையைப் பிளக்கும், கொசு ஆளையே தூக்கிப் போகும் என்றார். சீமையிலிருந்து கொண்டுவந்து நுவரெலியா ஓடைகளில் விட்ட ட்ரவுட் மீன் இருக்கும்போது வடக்கே எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டார். புட்டிங் சாப்பிட்டு முடிப்பதற்குள் மன்னார் போய் நுவரெலியா வந்துவிட்டது. கந்தப்பனுக்கு வந்த ஆத்திரத்தில் தட்டை டக்கென்று வைத்தார். துரை நிமிர்ந்து பார்த்ததும், கை வழுக்கிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

இதை வேலாயியிடம் போய்ச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. விசாரிக்க ஆளில்லை என்றால், சம்பந்தக்காரர்கள் அவளை அறுத்தவள் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். எந்த ஊருக்குப் போனாலும் பண்டாரவளையில்தான் ரயில் ஏற வேண்டும். அதனால் போவது நுவரெலியாவுக்கு என்று லயத்தில் யாருக்கும் தெரியப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டு கிளம்பினார்.

நுவரெலியாவில் துரை முழங்கால்வரை தண்ணீரில் நின்று, ஒரு சாண் நீள மீன்களைப் பிடித்துப் பிடித்து மகிழ்ந்தார். கந்தப்பன் அடுப்படியில் குளிருக்கு ஒடுங்கி உட்கார்ந்து, வேலாயியிடம் சொல்ல வேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை நினைத்து அவருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

திரும்பி வந்து சாமான்களை இறக்குவதற்குள் வேலாயி பின்வாசலில் நின்றாள்.

“கேட்டீகளாண்ணே?”

“கச்சேரிக்கே போயிட்டேன் தாயி. பெரிய புத்தகம். ஒரு கிளாக்கரு ஒவ்வொரு பக்கமா வெரல வச்சுப் பாத்தாரு. அந்தப் பேரு செத்தவுக கணக்குலயே இல்ல.” நினைத்ததைவிட நன்றாகவே வந்தது. மூட்டையை அவள் கையில் கொடுத்தார்.

வேலாயி மூட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“நான் புள்ளைய அனுப்பவே இல்லையேண்ணே” என்றாள் மெதுவாக.

கந்தப்பனுக்கு முகம் செத்துப்போனது. பெயர். அத்தனை தடவை சொல்லிப் பார்த்தும், அந்த ஆளின் பெயரே தனக்குத் தெரியாது என்பது இதுவரை அவருக்கு உறைத்திருக்கவில்லை.

“தெனமும் அனுப்பணும்னுதான் நெனச்சேன்” என்றாள் வேலாயி. “நெசமாவே கேட்டுட்டு வந்துருவீகளேன்னு பயமா இருந்துச்சு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இது போதும்ணே. கல்யாணத்துக்கு வந்துருங்க.”

அவள் பாதையில் இறங்கிப் போவதைக் கந்தப்பன் பார்த்துக்கொண்டே நின்றார். நேராக லயத்துக்குப் போனவள், பொன்னையாவின் வாசலில் நின்று, அந்த வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“கங்காணி ஐயா, மன்னாருலேருந்து சேதி வந்துருச்சு. செத்தவுக கணக்குல அவுக பேரு இல்லையாம். தட்டை நாந்தான் ஏந்துவேன், ஹாலிஎலைக்குச் சொல்லி அனுப்பிருங்க.”